சித்ரோயன் சி4 பிக்காசோ 1.6 எச்டிஐ: இன்ஜெக்டர் வாஷர், டர்போ ஆயில் குழாய் நாமே மாற்றலாமா?

வெர்சாய்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். 2009 சி4 பிக்காசோ, 1.6 எச்டிஐ (டீசல்), 110 குதிரைத்திறன், ஃபாப் (புகைக் கரி வடிகட்டி) உள்ள வண்டி. ஓட்டம் 162,000 கி.மீ. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜெக்டர் பக்கம் 'சுஃப் சுஃப்' என்று காற்றுக் கசிகிற சத்தம், சூடேறினால் குறைகிறது. ப்ளோயர் போட்டால் உள்ளே புகை வாடை. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது இன்ஜெக்டரைச் சுற்றித் தார் ஊற்றியது போல் கறுப்பாக இறுகிக் கிடக்கிறது. இதை விட்டால் டர்போ போய்விடும் என்கிறார்கள். இன்ஜெக்டருக்கும் டர்போவுக்கும் என்ன சம்பந்தம்? செல்ஃப் கராஜில் லிஃப்ட் வாடகைக்கு எடுத்து நானே செய்ய எண்ணம். சாக்கெட் செட்டும் டார்க் ரெஞ்சும் இருக்கின்றன. என்னென்ன வாங்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும்?

டீசல்மணி:
சம்பந்தம் நேரடியானது. இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷர்தான் எரியறையை அடைத்து வைத்திருக்கிறது. அது விட்டுக்கொடுத்தால் எரிந்த வாயு இன்ஜெக்டர் துளை வழியே மேலேறும். வெளியே வந்த பங்குதான் நீங்கள் பார்த்த தார். மேல் சீலையும் தாண்டிய பங்கு கேம் மூடிக்குள் புகுந்து ஆயிலில் கலக்கிறது. ஆயில் கரிந்து கட்டி கட்டியாகும். அந்தக் கரி அடியில் ஆயில் பம்ப்பின் வலையிலும், டர்போவுக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயின் முனையில் இருக்கும் சின்ன வடிகட்டியிலும் போய் அடைத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போத் தண்டுக்கு ஆயில் குறைந்தால் பேரிங் தாங்காது. பலர் டர்போவை மட்டும் மாற்றிவிட்டுச் சில ஆயிரம் கிலோமீட்டரில் புது டர்போவையும் இழப்பது இதனால்தான். காரணம் பழைய இடத்திலேயே இருக்கிறது.

முதலில் எஞ்சின் வகையை உறுதி செய்யுங்கள். சேசிஸ் எண்ணின் 6, 7, 8ஆம் இடங்களில் '9எச்இசட்' என்று இருந்தால் 16 வால்வு எஞ்சின், நான் சொல்வது அதற்குத்தான். 2010க்குப் பிறகு வந்த 112 குதிரைத்திறன் எஞ்சின் 8 வால்வு, பாகங்கள் வேறு. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஓபிஆர் எண்ணையும் (வண்டி தயாரான தேதியைக் காட்டும் குறியீடு) குறித்துக்கொண்டு போங்கள். பாகக் கடையில் அதைக் கொடுத்தால் சரியான வாஷர் வரும்.

அதோடு, 'மூன்றாவது' என்று எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினீர்கள்? பெஜோ, சித்ரோயனில் முதல் சிலிண்டர் கியர்பாக்ஸ் பக்கம். பெல்ட் பக்கமிருந்து எண்ணினால் உங்கள் மூன்று உண்மையில் இரண்டு. எப்படியும் நான்கு வாஷரையும் மாற்றுங்கள். ஒன்று போன வயதில்தான் மற்றவையும் இருக்கின்றன.

எது கசிகிறது என்று பார்க்க, எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி காட்டிக்கொடுக்கும்.

கழற்றும் முறை: முந்தின நாள் மாலையே தாரின்மேல் கார்பன் கரைப்பான் ஊற்றி ஊற விடுங்கள். மறுநாள் மரக்குச்சி, பித்தளை பிரஷ் கொண்டு சுரண்டி, வேக்யூம் வைத்து உறிஞ்சுங்கள். இதற்கு அரை நாள் ஆனாலும் அவசரம் வேண்டாம். அடுத்து, ஓடும் எஞ்சினில் உயரழுத்தக் குழாயின் நட்டைத் தொடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்துத்தான் கழற்ற வேண்டும். திறந்த வாய் ஒவ்வொன்றையும் உடனே மூடியால் அடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், இன்ஜெக்டர் வீணாகிவிடும்.

இன்ஜெக்டர் வராவிட்டால் கீழே நெம்பாதீர்கள். குழாய்களைக் கழற்றுமுன்பே எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தியிருக்க வேண்டும். அந்தச் சூட்டிலேயே, ஸ்பேனர் பிடித்து இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஸ்லைடு ஹேமரால் நேராக மேலே இழுங்கள். அதற்கும் அசையவில்லையா, அங்கேயே நிறுத்திவிட்டு இதற்கென்றே கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். உடைந்து உள்ளே நின்றால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எண் போட்டு, அதே துளையில் திரும்ப வையுங்கள்.

பழைய வாஷர் துளைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் எடுங்கள். பிறகு துளை அடியில் கிரீஸ் தடவிய பஞ்சை அடைத்து, வாஷர் உட்காரும் பரப்பைக் கட்டரால் கையாலேயே சில சுற்று மட்டும் சுற்றுங்கள். மோட்டார் வேண்டாம். வட்டம் முழுக்க ஒரே பளபளப்பு வந்தால் போதும், அதற்குமேல் ஒரு முடியளவும் வெட்டாதீர்கள். கட்டரின் பல்லிலும் கிரீஸ் தடவினால் சீவல் ஒட்டிக்கொள்ளும். பஞ்சை எடுத்த பின் துளைகளின் மேல் துணி போட்டு, இன்ஜெக்டர் வயர்கள் கழன்ற நிலையிலேயே ஸ்டார்ட்டரை இரண்டு வினாடி சுற்றுங்கள். மிச்சம் வெளியே பறந்துவிடும். புது வாஷர் பழைய தடிமனிலேயே இருக்க வேண்டும். தடிமன் மாறினால் நாசிலின் (இன்ஜெக்டர் நுனி) நீட்டம் மாறும், எரிப்பும் மாறும்.

சாவிப்பெட்டி:
டீசல்மணி அண்ணை சொன்னது முழுக்கச் சரி. டர்போப் பக்கத்தை நான் சேர்க்கிறன்.

டர்போவைக் கழட்ட முதல் அதின்ர நிலையைப் பாருங்கோ. காற்றுக் குழாயைக் கழட்டி, நிண்டுபோன எஞ்சினில விரலால தண்டை அசைச்சுப் பாருங்கோ. பக்கவாட்டில கொஞ்சம் ஆடலாம். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிஞ்சாலோ, இறக்கை சுவரில உரசின தடம் இருந்தாலோ டர்போ முடிஞ்சுது எண்டு அர்த்தம். குழாய்க்குள்ள மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது வழமை, பயப்படத் தேவையில்லை.

டர்போ நல்லா இருந்தால் ஆயில் குழாயை மட்டும் புதுசாப் போடுங்கோ. பழசைக் கழுவிப் போடுறது வீண் வேலை, உள்ளுக்குள்ள ஒட்டின கரி போகாது. இரண்டு பக்கச் செம்பு வாஷரும் புதுசா இருக்க வேணும்.

குழாய் மாத்தின பிறகு ஆயில் ஓட்டத்தை அளந்து பார்க்கிறது முக்கியம். டர்போவிலயிருந்து ஆயில் திரும்பிப் போற குழாயைக் கழட்டி ஒரு பாத்திரத்துக்குள்ள விட்டு, எஞ்சினை 60 வினாடி ஐட்லிங்கில ஓட விடுங்கோ. குறைஞ்சது 0.3 லிட்டர் வரவேணும். வராட்டில் அடைப்பு இன்னும் கீழ, பம்ப் வலையில இருக்கு. சம்பை, அதாவது எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டியை, கழட்டிக் கழுவாமல் வண்டியை ஓடவே ஓடாதேங்கோ. அளந்து முடிச்சதும் ஆயில் மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கோ.

கடையில விக்கிற 'எஞ்சின் ஃப்ளஷ்' மருந்தை மட்டும் இந்த எஞ்சினுக்கு ஊத்தாதேங்கோ. பெரிய கரித்துண்டுகளைக் கழட்டி விடும், அதுகள் நேரா வலைக்குத்தான் போகும். பதிலுக்கு ஆயிலை மாத்தி, 1,500 கி.மீ. ஓடி, திரும்ப ஒருக்கால் மாத்துங்கோ.

வெர்சாய்வாசி:
இருவருக்கும் நன்றி. சேசிஸ் எண்ணில் 9எச்இசட்தான். நான் எண்ணியது பெல்ட் பக்கத்திலிருந்து, ஆக அது இரண்டாவது சிலிண்டர். இன்னும் இரண்டு சந்தேகம். உயரழுத்தக் குழாய்களைத் திரும்பப் போடலாமா? எந்த ஆயில், எவ்வளவு?

டீசல்மணி:
குழாய்களைத் திரும்பப் போடாதீர்கள். அதன் முனை ஒருமுறை இறுகும்போதே எதிர்ப்பக்கத்தின் வடிவத்துக்கு நசுங்கிவிடுகிறது. இரண்டாம் முறை கசிய வாய்ப்பு அதிகம். கழற்றினால் புதிது என்பதுதான் கம்பெனி முறையும். இன்ஜெக்டர் கிளாம்ப்பை முதலில் சிறிய டார்க், பிறகு கோணக் கணக்கு என்று இறுக்க வேண்டும். உங்கள் டார்க் ரெஞ்ச் வீல் நட்டுக்கானது என்றால் அந்தச் சிறிய அளவைக் காட்டாது. சின்ன ரெஞ்சும் கோணமானியும் இரவல் வாங்குங்கள். அளவை ஒர்க்‌ஷாப் மேனுவலில் எஞ்சின் குறியீட்டோடு ஒப்பிட்டு எடுங்கள்.

ஆயில் 5டபிள்யூ-30, டப்பாவில் 'பிஎஸ்ஏ பி71 2290' அல்லது 'ஏசிஇஏ சி2' என்று இருக்க வேண்டும். சாம்பல் குறைந்த வகை அது. வேறு ஊற்றினால் ஃபாப் சாம்பலால் அடையும். ஃபில்டரோடு சேர்த்து 3.75 லிட்டர். 5 லிட்டர் டப்பா வாங்கி முழுவதையும் ஊற்றிவிடாதீர்கள். ஃபில்டர் மூடிக்கு 27 மி.மீ. சாக்கெட், அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வரும், மாற்றுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது முதலில் ஃபில்டர் மூடியைத் தளர்த்தி, பிறகு கீழே பிளக்கைத் திறந்து, கால் மணி நேரமாவது வடிய விடுங்கள். அப்போதும் சம்ப்பின் அடியில் கொஞ்சம் கறுப்பு தங்கும். சாவிப்பெட்டி சொன்ன இரட்டை மாற்றம் அதற்குத்தான் உதவும். அதன்பின் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது. கையேட்டில் உள்ள 20,000 இந்த எஞ்சினுக்கு அதிகம்.

பழைய ஆயிலை டப்பாவில் அடைத்து ஊர் தெஷெத்ரியில் (கழிவு சேகரிப்பு மையம்) கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

பெல்ட்பார்வை:
கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனால் எல்லாவற்றையும்விட அவசரம். 2009 வண்டி. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? இந்த எஞ்சினுக்கு 240,000 கி.மீ. அல்லது 10 ஆண்டு என்பது கணக்கு. கிலோமீட்டர் மிச்சம் இருந்தாலும் ஆண்டு எப்போதோ தாண்டிவிட்டது. பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். பெல்ட், ரோலர்கள், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே கிட்டாக வாங்குங்கள். பம்ப் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

ஃபாப்பில் படிந்த கரி எரிய உதவும் ஈயோலிஸ் திரவமும் தனித் தொட்டியில் இருக்கிறது. சுமார் 120,000 கி.மீ. வாக்கில் நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பினால் போதாது, டயாக்பாக்ஸ் (பெஜோ, சித்ரோயன் சோதனை மென்பொருள்) போட்டு எஞ்சின் கம்ப்யூட்டரில் கணக்கையும் பூஜ்யமாக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி நிறைந்திருந்தும் விளக்கு எரியும், கொன்ட்ரோல் டெக்னிக்கில் (பிரான்சின் கட்டாய வாகனச் சோதனை) கேள்வி வரும். கசிகிற வாஷரோடு ஃபாப்பைச் சுத்தம் செய்யக் காசு கொடுக்காதீர்கள். வாஷர், ஆயில், ஆயில் குழாய், அப்புறம்தான் ஃபாப்.