பழைய காரை வச்சு ஆட்டோகிராஸ் ஆரம்பிக்கலாமா?

மூணாவது_கியர்:
வணக்கம் மக்களே. எங்கிட்ட இருக்கறது 1998 மாடல் ஹேட்ச்பேக், 1.6 லிட்டர் பெட்ரோல், ஃப்ரன்ட் வீல் டிரைவ், ஏபிஎஸ் எல்லாம் கிடையாது, அப்பா ஓட்டிட்டு இருந்தது, மீட்டர்ல 1,60,000 கிமீ தாண்டிருச்சு. இன்ஜின் இன்னும் ஜம்முனு இருக்கு. இதை வச்சு ஆட்டோகிராஸ் (கோன் வச்ச கோர்ஸ்ல டைம் பாத்து ஓட்டறது), அப்புறம் டிராக் டே (நம்ம வண்டியை ரேஸ் டிராக்ல ஓட்டற நாள்)னு போகணும்னு ரொம்ப நாள் ஆசை. கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு, முதல்ல இன்டேக், எக்ஸாஸ்ட் போடவா, இல்ல சஸ்பென்ஷன்ல கை வைக்கவா? இல்ல வயசான வண்டி, பாவம் விட்ருன்னு சொல்றீங்களா?

கோன்_இடிச்சவன்:
மூணும் வேண்டாம் ப்ரோ. பிரேக் ஃப்ளூயிட் கடைசியா எப்ப மாத்துனீங்க, அதை முதல்ல சொல்லுங்க.

டாட் 4 கிரேடு பிரேக் ஃப்ளூயிட் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஆனா அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், ஈரம் ஏறுன ஃப்ளூயிட்டுக்கு ஸ்டாண்டர்டே 155 தான். டிராக்ல அது கொதிச்சு ஆவிக்குமிழ் வந்துச்சுன்னா பெடல் அப்படியே தரை வரைக்கும் போகும். எனக்கு முதல் டிராக் டேலயே ஆச்சு, மூணாவது லேப்ல மிதிக்கறேன் காலுக்கு கீழ ஒண்ணுமே இல்ல, கியரைக் குறைச்சு சரளைக்கல்லுல போய் நின்னேன். அன்னைக்கு வண்டில புது எக்ஸாஸ்ட் இருந்துச்சுங்கறத சொல்லவும் வெக்கமா இருக்கு.

ஆட்டோகிராஸ்ல இந்த பயம் கம்மி. ஒரு ரன் சுமார் ஒரு நிமிஷம், கோர்ஸ்ல வேற வண்டி மோதற அளவுக்கு பக்கத்துல வராது, பெரும்பாலும் செகண்ட் கியர்லயே முடிஞ்சிரும், தப்பு பண்ணா கோன் தான் சாயும். அங்கயே ஒரு சீசன் ஓட்டுங்க.

ஸ்பானர்_கை:
மேல சொன்னது சரி. நான் பயப்படறது ரப்பருக்கு. டயர் சைடுல நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், பட்டன் நல்லா இருந்தாலும் பத்து வருஷ டயர்னா தூக்கிப் போட்ருங்க. ஜாக்கி போட்டு முன் வீலை மேல கீழ புடிச்சு ஆட்டுங்க, அப்புறம் இடது வலது. மேல கீழ ஆட்டம் இருந்தா பால் ஜாயின்ட் (சஸ்பென்ஷன் மூட்டு) இல்ல வீல் பேரிங், பக்கவாட்டுல மட்டும் இருந்தா பெரும்பாலும் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் மூட்டு). டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வை நேரத்துக்குத் திறக்க வைக்கறது) மாத்துன பில் இருக்கான்னு அப்பாகிட்ட கேளுங்க, இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்கோங்க. ஆயிலை டிப்ஸ்டிக்ல மேல் கோடு வரைக்கும் வைங்க, நீளமான வளைவுல ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காத்தை உறிஞ்சுச்சுன்னா இன்ஜின் பேரிங் காலி.

வளைவுக்குள்ள_லிஃப்ட்:
கிரிப் ஜாஸ்தியா ரோட்டோட ஒட்டற டயர் ஒரு செட் வாங்கிக்கோங்க, டைம் உடனே குறையும்.

கோன்_இடிச்சவன்:
@வளைவுக்குள்ள_லிஃப்ட் முதல் வருஷம் வேண்டவே வேண்டாம். சாதா டயர் கிறீச்னு கத்தி முன்னாடியே சொல்லிரும், அதைக் கேட்டுத்தான் லிமிட் எங்க இருக்குன்னு கத்துக்கணும். இன்னொண்ணு, உங்க பேர்லயே இருக்கற விஷயத்தை அவருக்கும் சொல்லுங்க, ஃப்ரன்ட் வீல் டிரைவ்ல வளைவு நடுவுல பயந்து ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா வெயிட் முன்னாடி போயி பின்பக்கம் சுத்திரும்னு.

வளைவுக்குள்ள_லிஃப்ட்:
சுத்திருக்கேன், ரெண்டு தடவை 😅 ஸ்பீடை நேர் ரோட்லயே குறைச்சுட்டு உள்ள போங்க, கண்ணு அடுத்த கோன்ல இருக்கட்டும்.

மூணாவது_கியர்:
ரொம்ப தேங்க்ஸ். இப்பதான் போய் பாத்துட்டு வரேன், ஃப்ளூயிட் கருப்பா இருக்கு, பின் டயர்ல 3112. அதாவது 2012ல 31வது வாரம்! பெல்ட் பத்தி கேட்டா அப்பா "எந்த பெல்ட்டு?"ங்கறாரு. எக்ஸாஸ்ட் ஆர்டரை கேன்சல் பண்ணிட்டேன். பைக் ஹெல்மெட் போதுமா?

ஸ்பானர்_கை:
ஆட்டோகிராஸ்க்கு நிறைய இடத்துல விடுவாங்க, டிராக்குக்கு தீ தாங்கற லைனிங் உள்ள எஸ்ஏ ரேட்டிங் (கார் ரேஸ் ஹெல்மெட் தரம்) கேப்பாங்க, ரூல் புக் பாத்துட்டு வாங்குங்க. அப்புறம் டிராக்ல ஓட்டிட்டு வந்து நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் இழுக்காதீங்க, பிரேக் கொதிச்சுட்டு இருக்கும், கியர்ல போட்டு கட்டை வைங்க.