புதுப்பிப்பு: மியாட்டாவில் கேஜ் பொருத்திய இடம்

1996 மஸ்டா மியாட்டா காரில் ஆயில் பிரஷர், கூலன்ட் டெம்பரேச்சர் கேஜ்களை (அளவு காட்டும் மீட்டர்களை) ஏ-பில்லரிலா (முன் கண்ணாடியின் பக்கத் தூணிலா), ஸ்டீரிங் மேலா, ஏசி வென்ட்டிலா எங்கே வைப்பது என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி.

கேஜ் அளவுக்கு 52 மி.மீ. வட்டமாக அட்டை வெட்டி, ஒட்டிவைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. ஸ்டீரிங் மேலே வைத்ததை ஸ்டீரிங் வளையம் மறைத்தது. ஏ-பில்லரில் வைத்தது திருப்பங்களில் பார்வையை மறைத்தது. நடுவிலுள்ள இரண்டு வட்ட ஏசி வென்ட்களிலும் கேஜ்கள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. ஓரத்து வென்ட்களில் காற்று வருகிறது, அது போதும்.

எதிர்பாராதது: ஏசி போட்டால் கேஜ் கண்ணாடியில் பனி படிந்தது. பின்னாலுள்ள குழாயை ஃபோம் வைத்து அடைத்ததும் நின்றது.

இன்ஜின் பக்கம் ஆயில் பிரஷர் சென்சாருக்கான மரை 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் குழாய் மரை). கேஜோடு வந்த சென்சார் என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை) என்றால் இரண்டும் பொருந்தாது; அடாப்டர் கட்டாயம், பலவந்தமாக முறுக்கி ஏற்றாதீர்கள். 1995 மாடல் முதல் மியாட்டாவில் கம்பெனியே பொருத்தித் தரும் ஆயில் பிரஷர் முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டுவதில்லை என்பதால் ஆயில் கேஜை டிரைவர் பக்கமே வைத்தேன்.