அம்மாவுக்கு மலத்தை அடக்க முடியவில்லை, கோவையில் எங்கே காட்டலாம்?

கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, தேயிலை பறிக்கப் போகிறவர். தீபாவளிக்கு அப்புறம் மலத்தை அடக்க முடியவில்லை. முட்டுகிறது என்று தெரிந்து கூடையை இறக்கி வைப்பதற்குள் சேலையில் போய்விடுகிறது. இருமினாலும் கசிகிறது. பஸ் ஏறுவதில்லை, விசேஷங்களுக்கும் வருவதில்லை. காலைச் சாப்பாட்டையே விட்டுவிட்டார். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் ஆயிற்றே, அதுதான் எனக்குப் பெரிய பயம்.

ரத்தம் போகவில்லை, எடையும் குறையவில்லை. சர்க்கரை பல வருடமாக உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். என்னைப் பெற்றபோது ஆசனவாய்ப் பக்கம் ஆழமாகக் கிழிந்து தையல் போட்டார்களாம்.

பக்கத்து டாக்டர் "வயசானா அப்படித்தான்" என்று பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை கொடுத்தார். மலம் இறுகிப்போய், அதைச் சுற்றி நீராகக் கசிந்ததால் நிறுத்திவிட்டோம். பால், டீயைக் குறைத்தோம். ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியும் செய்கிறார், கொஞ்சம்தான் குணம்.

பெரியவர்களில் 100 பேரில் ஏழெட்டுப் பேருக்கு இருக்கிற தொல்லை இது. வெளியே சொல்லத்தான் ஆளில்லை. பழைய கிழிசல், சர்க்கரையால் நரம்புத் தளர்ச்சி, மெட்ஃபார்மின், எதுவும் காரணமாக இருக்கலாம். சோதிக்காமல் வயசு என்று எப்படி விடுவது?

ஆசனவாய்த் தசையின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி சோதனையும், கருவி காட்டுவதைப் பார்த்துத் தசையைப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சியும் கோவையில் காப்பீட்டு அட்டைக்கு எங்கே கிடைக்கும்?