மின்கட்டண மனுவைப் படிக்க வடசென்னையில் ஒரு வகுப்பு: தேவையா, வீண்வேலையா?

கொருக்குப்பேட்டை லேத்

தண்டையார்பேட்டையில் எட்டு வார மாலை நேர வகுப்பு ஒன்று தொடங்கலாம் என்று சிறுதொழில் நண்பர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். மின்சாரம், எரிவாயு சந்தைகளை ஒழுங்குமுறை ஆணையங்கள் எப்படி நடத்துகின்றன என்பதுதான் பாடம். டிப்ளமா, பி.காம்., சட்டம், எது படித்தவரும் சேரலாம். ஒரு கட்டண மனுவை (கட்டணத்தை மாற்றக் கேட்டு மின் நிறுவனம் ஆணையத்திடம் கொடுப்பது) எடுத்து, எந்தச் செலவு ஏற்கத்தக்கது, எது இல்லை என்று ஆட்சேபம் எழுத வேண்டும். அதுதான் பரீட்சை. தேறினால் சான்றிதழ்.

2022 செப்டம்பர் கட்டண உயர்வில் பட்டறைகளை இடித்தது நிலைக் கட்டணமும் (மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்டுவது) பீக் ஹவர் கட்டணமும் (தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கான கூடுதல் கட்டணம்). காலை 6.30 முதல் 10.30 வரை பீக் ஹவர் என்றால் எங்கள் காலை ஷிப்டு அப்படியே அதற்குள் போய்விடுகிறது. அதற்கு முந்தைய மாதம் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. நம் ஆட்கள் போய் 'தாங்க முடியாது' என்று பேசினார்கள். அது உண்மை. ஆனால் 'தாங்க முடியாது' என்பதற்கு 'கவனத்தில் கொண்டோம்' என்பதற்கு மேல் ஆணையம் என்ன எழுத முடியும்? குறிப்பிட்ட பக்கத்தில் குறிப்பிட்ட கணக்கு தவறு என்று எழுதிக் கொடுத்தால் காரணம் சொல்லித்தான் தள்ள வேண்டும். நமக்கு அப்படி எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும்.

ஏ.இ.இ. (உதவி செயற்பொறியாளர், ஓய்வு), எண்ணூர்

தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் உடன்பாடு இல்லை. பயிற்சிக்கா பஞ்சம்? ஒழுங்குமுறை ஆணையங்களின் கூட்டு மன்றம் ஐஐடி கான்பூரோடு சேர்ந்து ஆணைய அதிகாரிகளுக்குப் பயிற்சி நடத்தி வருகிறது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் 2004லேயே இதற்கென ஒரு பள்ளி ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியும் 2022ல் ரஷ்ய எரிவாயு வரத்து சுருங்கியபோது ஐரோப்பாவில் விலை எகிறியதைத் தடுக்க முடிந்ததா?

நம் ஊரில் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் 2016லிருந்து அமலில் இருக்கிறது. மானியம் கொடுப்பதாக இருந்தால் அந்தப் பணத்தை அரசு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது 2003ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65வது பிரிவு. பணம் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் கடன்தான், வட்டிதான். 108வது பிரிவின்படி அரசு ஆணையத்துக்குக் கொள்கை வழிகாட்டுதலும் தரலாம். இதெல்லாம் கோட்டையில் முடிவாகிற விஷயம். தண்டையார்பேட்டையில் வகுப்பெடுத்து இதை மாற்ற முடியாது.

திருவொற்றியூர் கணக்காளர்

சார், வட்டி கோட்டையில் முடிவாகட்டும். நிலக்கரி? அது நம் வாசலில் எரிகிறது.

ஒரு யூனிட் தயாரிக்க 2,500 கிலோ கலோரி வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கரியில் கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி இருந்தால் யூனிட்டுக்குச் சுமார் 714 கிராம் கரி போதும். அதே கரியை 3,300 என்று கணக்கில் எழுதினால் சுமார் 758 கிராம் ஆகிறது. நாற்பது கிராம் சொச்சம்தானே என்று தோன்றும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் நிலையில் இருப்பது 600 மெகாவாட் அலகுகள். ஒரு அலகு முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 1 கோடியே 44 லட்சம் யூனிட். அந்த நாற்பது சொச்சம் கிராம் ஒரே நாளில் 600 டன்னைத் தாண்டிவிடும். காசு கொடுப்பது கட்டணம் கட்டுகிறவர்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. கலோரி மதிப்பைக் கொதிகலனில் போடும்போது பார்க்காமல், நிலையத்துக்கு வந்து சேரும்போதே பார்க்க வேண்டும் என்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014-19 கட்டண விதிகளில் மாற்றியது. அதை எதிர்த்து மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசி டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. அவ்வளவு பெரிய நிறுவனம் சண்டை போடுகிற இடம் எது என்பதாவது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

ஏ.இ.இ. (ஓய்வு), எண்ணூர்

கணக்கு சரி மேடம். ஆனால் அந்த 3,500 எங்கிருந்து வந்தது? நானும் இதைத்தான் சொல்ல வந்தேன். ஒடிசாவின் தால்சேர் கரி பாராதீப் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூர் துறைமுகத்தில் இறங்கி, கன்வேயரில் நிலையத்துக்கு வருகிறது. ஒரே கப்பலில் மேலே எடுத்த மாதிரியும் அடியில் எடுத்த மாதிரியும் ஒத்துவராது. மழையில் நனைந்த கரிக்கு ஒரு மதிப்பு, யார்டில் கிடந்து தானாகச் சூடேறிய கரிக்கு வேறு மதிப்பு. மாதிரியை எங்கே எடுத்தார்கள், யார் முன்னிலையில் சீல் வைத்தார்கள், ஈரப்பதத்தைக் கழித்தார்களா என்று கேட்கத் தெரியாதவர் விசாரணையில் போய் நின்றால், கம்பெனி வக்கீல் ஐந்து நிமிடத்தில் உட்கார வைத்துவிடுவார். அரைகுறையாகப் பேசி ஒரு முறை தோற்றால் அடுத்த முறை நியாயமான ஆட்சேபமும் எடுபடாது. அதனால்தான் எட்டு வார வகுப்பு என்றாலே எனக்குப் பயம்.

வியாசர்பாடி சட்ட மாணவி

ஐயா, நீங்கள் இப்போது எழுதிய பத்தியே ஒரு நாள் பாடம்.

மின்சாரச் சட்டத்தில் இதற்கு இடமும் இருக்கிறது. 94(3) பிரிவின்படி நுகர்வோர் நலனைப் பேச ஆணையமே ஒருவரை அனுமதிக்கலாம். மகாராஷ்டிராவில் புனேயின் பிரயாஸ் அமைப்பு அப்படி அதிகாரபூர்வப் பிரதிநிதியாக விசாரணைகளில் பேசியிருக்கிறது. அப்புறம், ஆணையத்தில் சட்டம் அறிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேடையில் இருப்பவர்களின் தகுதியைப் பற்றி நாடு இவ்வளவு பேசுகிறது. எதிரே நின்று பேசுபவருக்குப் பயிற்சி வேண்டும் என்று யாரும் பேசுவதில்லை.

மணலி இன்ஸ்ட்ருமென்ட்

எரிவாயுவை இதில் சேர்க்காதீர்கள் அண்ணே. வீட்டுக் குழாய் எரிவாயு விலையை நிர்ணயிக்க எந்த ஆணையமும் இல்லை. 2006ம் ஆண்டு சட்டப்படி அமைந்த பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் பகுதிக்கு உரிமம் கொடுக்கும், குழாய்ப்பாதைக் கட்டணம் நிர்ணயிக்கும், பாதுகாப்பு விதி போடும். சிலிண்டருக்குப் பதிலாக வரும் குழாய் எரிவாயுவின் விலையை நிறுவனமே வைக்கிறது. மின்சாரம் மாதிரி கருத்துக்கேட்பு நடக்கும் என்று நம்பி வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். முதலில் மின்சாரத்தை மட்டும் ஒழுங்காக நடத்துங்கள்.

வியாசர்பாடி சட்ட மாணவி

அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளவே எரிவாயு வேண்டும். எண்ணூரில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திரவ இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.) முனையம் 2019ல் திறந்தது. அதே ஆண்டு மணலி உரத் தொழிற்சாலை நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. இரண்டு துறைக்கும் ஆணையம் வேறு வேறு என்றாலும் மேல்முறையீடு டெல்லியில் ஒரே தீர்ப்பாயத்துக்குத்தான் போகிறது. குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டால் யாரிடம் எழுத வேண்டும் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏ.இ.இ. (ஓய்வு), எண்ணூர்

ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நன்றாகப் படித்துத் தேறியவரைக் கம்பெனி நல்ல சம்பளம் கொடுத்துக் கூட்டிப்போய்விடும். அப்புறம் நுகர்வோர் பக்கம் யார் நிற்பார்கள்?

கொருக்குப்பேட்டை லேத்

சிலர் போகத்தான் போவார்கள் சார். நம்மால் அந்தச் சம்பளம் கொடுக்க முடியாது. அதனால் தனி ஆளை நம்பி இதைத் தொடங்கவில்லை. ஒவ்வொரு தொழில் சங்கத்திலும், குடியிருப்போர் சங்கத்திலும் இரண்டு பேருக்காவது மனு படிக்கத் தெரிய வேண்டும். இருவரில் ஒருவர் வேலைக்குப் போனாலும் மற்றவர் இங்கேயே கடை வைத்திருப்பவராக இருப்பார்.

நிலக்கரிக்குத் தனியாக நான்கு ஞாயிறு ஒதுக்குகிறோம். மாதிரி எடுப்பதை நீங்கள் நடத்துங்கள். மேடம் கணக்கு எடுக்கட்டும்.

ஏ.இ.இ. (ஓய்வு), எண்ணூர்

ஞாயிறு காலை என்றால் வருகிறேன். ஆனால் சான்றிதழ் கொடுப்பதை எதிர்க்கிறேன். நான்கு ஞாயிறு வந்தவர் கையில் 'ஒழுங்குமுறை வல்லுநர்' என்று ஒரு காகிதம் இருக்கக் கூடாது. அவர் எழுதிய ஆட்சேபத்தை ஆணையத்தில் தாக்கல் செய்யுங்கள், அதற்கு வரும் பதிலை அடுத்த அணிக்குப் பாடமாக வையுங்கள்.

திருவொற்றியூர் கணக்காளர்

சான்றிதழ் இல்லாவிட்டால் வேலைக்குப் போகும் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள் சார். வருகைச் சான்று மட்டும் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். மற்றவர்களும் சொல்லுங்கள்.