71 போரில் இருந்தார், பேப்பரில் இல்லை: பதக்கம் கேட்டு அலைந்த கதைகள்

ராணுவ டிரைவரின் மகன்:

அப்பாவுக்கு 79 வயது. 1965-இல் பட்டாளத்தில் சேர்ந்து, 15 வருஷம் லாரி ஓட்டிவிட்டு பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். எந்தப் பிரிவு என்று எழுதப்போவதில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை, இப்போது ராணுவ ரெக்கார்ட் ஆபீஸில் இருப்பவர்கள் செய்த தப்பும் இல்லை இது.

அவரிடம் மூன்று மெடல்கள் உண்டு. 1971 பாகிஸ்தான் போருக்கான சங்கிராம் மெடல், 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்குக் கொடுத்த சுதந்திர வெள்ளிவிழா மெடல், ஒன்பது வருஷ சர்வீஸ் மெடல். ஒரே பட்டியில் தைத்து, பஞ்சு சுற்றி, பழைய சோப்பு டப்பாவில் வைத்திருப்பார். 71-இல் போர்ப் பகுதிக்குள்ளேயே இருந்தவர்களுக்கு இதோடு ஒரு ஸ்டாரும் உண்டு. கிழக்கே என்றால் பூர்வி ஸ்டார், மேற்கே என்றால் பஸ்சிமி ஸ்டார். அப்பாவிடம் ஸ்டார் இல்லை. அது எங்களுக்குக் குறையாகத் தெரியவில்லை, அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாதே!

2021-இல் அந்தப் போரின் பொன்விழா. எங்கள் பக்கத்திலும் ஒரு மண்டபத்தில் பழைய வீரர்களைக் கூப்பிட்டு சால்வை போட்டார்கள். மைக்கில் ஒருவர், "ஸ்டார் வாங்கினவங்க எல்லாம் முன்வரிசைக்கு வாங்க" என்றார். அப்பா சட்டென்று எழுந்தார். இரண்டு நாற்காலி தாண்டிப் போனவர், குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அப்புறம் ஏதோ தண்ணீர் குடிக்கப் போனவர் மாதிரி ஒரு சுற்று சுற்றி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். திரும்பி வரும்போது பைக்கில் எனக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "நானும் அங்கதாண்டா இருந்தேன்."

அன்று ராத்திரிதான் முழுக்கதையும் வந்தது. பேப்பரில் அவர் இருந்த யூனிட் எல்லைக்கு வெகு தூரம் பின்னால். ஆனால் டிசம்பர் முதல் வாரத்தில் ஏழு லாரிகளையும் டிரைவர்களையும் மேற்கே ஷகர்கர் போர்முனைப் பக்கம் அட்டாச்மென்டில், அதாவது வேறொரு யூனிட்டுக்குத் தற்காலிகமாக, அனுப்பிவிட்டார்கள். 15-ஆம் தேதி ராத்திரி பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடிகளுக்கு நடுவே மெட்ராஸ் சாப்பர்கள் (ராணுவ இன்ஜினியர் படை) பாதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த பாதையின் இரண்டு ஓரமும் வெள்ளை நாடா. இவர் பின்னாலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு போகிறார். ஹெட்லைட் போடக் கூடாது. கண்ணாடியெல்லாம் பனி. சக்கரம் நாடாவை விட்டு விலகுகிறதா என்று கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி ஓட்டியிருக்கிறார். இருட்டுக்குள்ளிருந்து தமிழில் ஒரு குரல்: "ஏய், எடதுல ஒடிச்சா செத்துருவ, நேரா வா." இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. குரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் காலை முன்னால் ஒரே டாங்கிச் சத்தம். அதில்தான் டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்தர்பால் இறந்தார், பரம்வீர் சக்ரா வாங்கினார் என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டதாம்.

இரண்டு நாளில் காலெல்லாம் பனியில் வெடித்து, ஜுரமும் வந்து, ஃபீல்டு ஆம்புலன்ஸில், அதாவது போர்முனை ஆஸ்பத்திரியில், நாலு நாள் படுத்திருக்கிறார். அப்புறம் பழைய யூனிட்டுக்கே திரும்பிவிட்டார். ஸ்டாருக்குப் பெயர்ப்பட்டியல் போட்டபோது லாரிகளை வரவழைத்த யூனிட் 'இவர் எங்கள் ஆள் இல்லை' என்றது. சொந்த யூனிட் 'நாங்கள் போர்ப் பகுதியில் இல்லை' என்றது. அப்போது கேட்டீர்களா என்றேன். "சுபேதார் சாப்கிட்ட ஒரு தடவை கேட்டேன், பார்க்கலாம்னார்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' ஐம்பது வருஷம் ஆகிவிட்டது.

முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக மனு அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்து ஒரு வரியில் பதில்: பதிவேடுகளின்படி தகுதிப் பகுதியில் பணியாற்றியதாகத் தெரியவில்லை. வீட்டில் அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருந்தது, மேலே 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் ஆபீஸ்) என்று முகவரி. அதையும் இணைத்து அனுப்பினேன். பதிலே இல்லை. இப்படி அலைந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ரெக்கார்ட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன்:

தம்பி, அந்த ஏ.பி.ஓ. கடிதம் பத்திரமாக இருக்கட்டும், ஆனால் கேஸுக்கு உதவாது. மேற்கே இருந்த படைக்கெல்லாம் 56, கிழக்கே 99. பின்னால் உட்கார்ந்து வெங்காயம் எண்ணியவனுக்கும் அதே நம்பர்தான்.

பட்டாளத்தில் ஒரு சிப்பாய்க்கு எது நடந்தாலும், கல்யாணமோ, பிள்ளை பிறந்ததோ, லீவோ, இடமாற்றமோ, பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் உத்தரவில் வெளியானால்தான் நடந்ததாகக் கணக்கு. ஆர்டரிலிருந்து அவனுடைய சர்வீஸ் பதிவேடான ஷீட் ரோலில் ஏறும், ஷீட் ரோலிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு வரும். உங்கள் அப்பாவின் அட்டாச்மென்ட் வாய்ச்சொல்லில் போயிருக்கிறது. போர் நேரத்தில் எந்த கிளார்க் உட்கார்ந்து ஆர்டர் டைப் அடித்தான்? நானும் கிளார்க்தான், அதனால் சொல்கிறேன், யுத்தத்தில் முதலில் சாவது ரிஜிஸ்டர்.

ஆனால் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், ஃபீல்டு ஆம்புலன்ஸில் நாலு நாள். பிடியுங்கள் அதை. மருத்துவப் பேப்பர் தனி வழியில் போகும், தனியாக ஃபைலில் சேரும். எங்கே, எந்தத் தேதியில் சேர்த்தார்கள் என்று ஒரு வரி இருந்தால் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, ஷீட் ரோல் நகலும் மருத்துவ ஆவண நகலும் வேண்டும் என்று அவர் பெயரிலேயே, அவர் கையெழுத்திலேயே கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. 'ஏன் கொடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள். ஏன், எதற்கு என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். நகல் மட்டும் கேளுங்கள்.

மனு போகிற இடமும் சரியாக இருக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூரு, பீரங்கிப்படைக்கு நாசிக் ரோடு, சிக்னலுக்கு ஜபல்பூர், வண்டி, இயந்திரம் பழுது பார்க்கும் இ.எம்.இ.க்கு செகந்திராபாத். நிறையப் பேர் நேராக டெல்லிக்கு, ஜனாதிபதிக்கே எழுதுகிறார்கள். அது சுற்றிச் சுற்றி மறுபடி இங்கேதான் வந்து விழும், நாலு மாதம் போனதுதான் மிச்சம்.

இன்னொன்று, வீரப் பதக்கம் வேறு, சேவைப் பதக்கம் வேறு. வீர் சக்ரா, சேனா மெடல் எல்லாம் அப்போதே கமாண்டர் எழுதி மேலே அனுப்பியிருக்க வேண்டும், இப்போது நாம் போய் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை. மனுவில் 'அப்பா வீரமாக ஓட்டினார்' என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள், படிக்கிறவன் வீரப் பதக்கம் கேட்கிறார் போல என்று வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவான். ஸ்டாருக்கு வீரம் தேவையில்லை, அந்த இடத்தில் இருந்திருந்தால் போதும்.

அப்புறம் பெயர். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் சனி. ஆதாரில் ஒரு மாதிரி, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முன்னால் போட்டு வேறு மாதிரி, பென்ஷன் ஆர்டரில் மூன்றாவது மாதிரி இருக்கும். மனுவில் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ளபடியே, எழுத்துப் பிழையோடு, அப்படியே எழுதுங்கள். ஆர்மி நம்பர் சரியாக இருந்தால் மற்றது பின்னால் வரும்.

பேத்தி:

எங்கள் தாத்தாவுக்கு 65 போருக்கான சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும் முறையாகவே வந்தன. ஆச்சிதான் பழைய பித்தளை வாங்குகிறவரிடம் குத்துவிளக்கோடு சேர்த்துப் போட்டு ஒரு குடம் வாங்கிவிட்டார். தாத்தா அந்தக் குடத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார். மற்றபடி சண்டை ஒன்றும் போடவில்லை. அவர் இறந்த பிறகு டூப்ளிகேட் கேட்கலாம் என்று கிளம்பினோம், போலீசில் தொலைந்ததாகச் சான்று வேண்டும் என்றார்கள். "தொலையலையே, நாந்தானே போட்டேன், பொய் சொல்ல மாட்டேன்" என்று ஆச்சி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அதோடு சரி.

அமைதிப்படையில் போனவன்:

என் கதை நேர் எதிர். எல்லாம் ஒழுங்காக வந்தது, போட முடியவில்லை.

1987-இல் இலங்கைக்குப் போன முதல் ஆட்களில் நானும் ஒருவன். போனபோது மாலை போட்டார்கள், இரண்டு மூன்று மாதத்தில் அதே தெருவில் எங்களைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். தமிழ் தெரியும் என்பதால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் என்னைத்தான் முன்னால் நிறுத்திப் பேசச் சொல்வார்கள். உள்ளே என் அம்மா வயதில் ஒருத்தி நிற்பாள். இதற்கு மேல் எழுத வேண்டாம். 1990 மார்ச்சில் கடைசிப் படை மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியபோது வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி வரவில்லை. அன்று கோபம் இருந்தது. இன்று யோசித்தால், வரவேற்க என்ன இருந்தது என்றும் தோன்றுகிறது. ஆனால் கூடப் போய்த் திரும்பாதவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்கள் வீட்டில் யார் போய் இதை விளக்குவது?

மெடல் பீரோவில் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி, "எங்கெல்லாம் போஸ்டிங்?" என்று கேட்டார். காஷ்மீர், அசாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். தம்பி, உங்கள் அப்பாவுக்கு வாங்கிக் கொடுங்கள். முன்வரிசையில் தயங்காமல் போய் உட்காரக்கூடிய போர் அது.

கடைசி வரிசை:

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். இந்த ஸ்டார் வந்தால் பென்ஷன் ஏதாவது ஏறுமா? கன்டோன்மென்ட் வாசலில் எல்லா மெடலும் கடையில் கிடைக்கிறதே. ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் இந்த அலைச்சல் எதற்கு?

ராணுவ டிரைவரின் மகன்:

பைசா ஏறாது சார். கடையில் வாங்குவதும் புதிதில்லை. அரசாங்க மெடல் வந்து சேர வருஷக்கணக்கில் ஆவதால் சர்வீஸில் இருப்பவர்களே பலர் கடையில் வாங்கித்தான் பரேடுக்குப் போகிறார்கள். நானும் ஒன்று வாங்கிவந்து அப்பா கையில் கொடுத்தேன், மறைக்கவில்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நம்பர் இல்லையே" என்றார். அசல் மெடலில் ஆர்மி நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். கடைச் சரக்கு வழவழவென்று இருந்தது. பையனிடம் விளையாடக் கொடுத்துவிட்டார்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். கிளார்க் ஐயா சொன்னபடியே நகல் கேட்டோம். முதல் தடவை ஷீட் ரோல் மட்டும் வந்தது, மேல்முறையீட்டில் மருத்துவப் பக்கங்கள் வந்தன. மங்கலான ஜெராக்ஸ், பாதி எழுத்து கார்பன் மை. அப்பா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தார். 1971 டிசம்பர் 18, சேர்த்த இடத்தில் ஒரு ஃபீல்டு ஆம்புலன்ஸின் நம்பர், காரணம் இரண்டு பாதங்களிலும் பனிப்புண். "அந்த டாக்டர் பெங்காலி, ரம் குடுத்தாரு" என்றார். அதுவரை ரம் கதை எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

கூடப் போன டிரைவர்களில் ஒருவர் கேரளாவில் உயிரோடு இருந்தார். அவருக்கும் ஸ்டார் இல்லை, அதனால் அவர் சாட்சி எடுபடுமா என்று சந்தேகம். இருந்தாலும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுதிக்கொண்டார்கள். போனில் முதல் பத்து நிமிஷம் இந்தியிலேயே பேசினார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்து, யார் லாரியின் ஜாக்கை யார் எடுத்தது என்று ஆரம்பித்தார்கள்.

மனுவில் வீரம் ஒரு வார்த்தைகூட இல்லை. தேதி, இடம், பக்க எண், அவ்வளவுதான். பதினொரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பஸ்சிமி ஸ்டாருக்குத் தகுதி உண்டு, பதிவேட்டில் ஏற்றப்பட்டது. கீழே இன்னொரு வரி: பதக்கம் தற்போது கையிருப்பில் இல்லை, வந்ததும் அனுப்பப்படும்.

நான் தலையில் கை வைத்துவிட்டேன். அப்பா கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தையல்காரரிடம் போகலாம் என்றார். ஸ்டார் சங்கிராமுக்கு முன்னால் வர வேண்டும், சட்டையின் நடுப்பக்கத்துக்குக் கிட்டத்தில். அதனால் பழைய பட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் ஒரு இடம் தள்ளித் தைக்க வேண்டியிருந்தது. தையல்காரர் பிளேடைப் போட்டு இழுத்ததைப் பார்த்துப் பொறுக்காமல், அப்பாவே வாங்கி ஒவ்வொரு நூலாகப் பிரித்தார்.

இந்த ஜனவரி 26-க்கு அதைக் குத்திக்கொண்டு போனார். நாலு ரிப்பன், மூன்று மெடல். முதல் ரிப்பனுக்குக் கீழே ஒன்றும் தொங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "சார், ஒண்ணு விழுந்துருச்சு போல" என்று குனிந்து நாற்காலிக்கு அடியில் தேட ஆரம்பித்துவிட்டார். அப்பா பையிலிருந்த கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.