இளம் புற்றுநோயாளிகளிடம் மனக்கவலையைப் பற்றி மருத்துவர் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

கேள்வி – பயிற்சி மருத்துவர்

வணக்கம். புற்றுநோய்ப் பிரிவில் முதுநிலைப் பயிற்சியில் இருக்கிறேன். மருந்தின் அளவு, பக்கவிளைவு, அடுத்த சுற்றுக் கீமோவின் தேதி ஆகியவற்றைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. வளரிளம் பருவத்தினரிடம் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டிய இடத்தில்தான் வாயடைத்துப் போகிறேன்.

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் 16 வயது மாணவி ஒருத்தி, ரவுண்ட்ஸ் முடிந்து நாங்கள் நகரும் நேரத்தில், "தேர்வுக்குள் முடி வளர்ந்துவிடுமா டாக்டர்?" என்று கேட்டாள். தீவிரச் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் வளரத் தொடங்கும் என்றேன். சொன்ன தகவல் சரியானதுதான். ஆனால் அவள் "சரி" என்று சொல்லிவிட்டு, போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். எதையோ தவறவிட்டேன் என்று அப்போதே தோன்றியது. அவளுடைய தாயார் அருகில் இருக்கும்போது மேற்கொண்டு கேட்கலாமா? கேட்டு அவள் அழுதுவிட்டால் என்ன செய்வது? "அவளிடம் நோயைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்" என்று பெற்றோர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மறுமொழி – குழந்தைகள் புற்றுநோய் மருத்துவர்

அவள் கேட்டது முடியைப் பற்றி மட்டுமன்று என்பதை அந்தப் போர்வையே உங்களுக்குச் சொல்லிவிட்டது. இந்தத் தவறு உங்களுக்கு மட்டும் உரியதும் அன்று. முற்றிய புற்றுநோய் கொண்ட வயதுவந்தோர் தங்கள் மருத்துவர்களுடன் நடத்திய 398 உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. நோயாளி தம் வருத்தத்தை வெளிப்படுத்திய தருணங்களில் 22 விழுக்காட்டில் மட்டுமே, அவரை மேலும் பேசத் தூண்டும் பரிவான மறுமொழி மருத்துவரிடமிருந்து வந்திருந்தது. வயதுவந்தோருக்கே இந்த நிலை என்றால், கவலையை ஒரு சின்னக் கேள்விக்குள் மறைத்துக் கேட்கும் பிள்ளைகளின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கெட்ட செய்தியைச் சொல்வதற்காக 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஆறு படிகள் கொண்ட 'ஸ்பைக்ஸ்' முறையை நீங்கள் படித்திருப்பீர்கள். அதில் பலரும் தாண்டிப்போவது ஐந்தாம் படியைத்தான், அதாவது உணர்ச்சி வெளிப்படும்போது தகவல் தருவதை நிறுத்திவிட்டு அதற்கு முதலில் முகங்கொடுப்பதை. "தேர்வு நாளை நினைத்தால் உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். அந்த மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரியும். அழுதால் அழட்டும், அழுகையை நிறுத்துவது உங்கள் வேலையன்று, எழுந்து போகாமல் இருப்பதே வேலை.

தாயார் இருக்கும்போது கேட்கலாமா என்றீர்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் சில நிமிடங்கள் பிள்ளையுடன் தனியாகப் பேசுவதைச் சிகிச்சையின் முதல் நாளிலிருந்தே வழக்கமாக்கி, எல்லாப் பெற்றோரிடமும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று ஒருநாள் தாயாரை வெளியே அனுப்பினால் ஏதோ விபரீதம் என்று இருவருமே அஞ்சுவார்கள். கீமோவுக்குப் பிறகு தனக்குக் குழந்தை பிறக்குமா என்ற கேள்வியை எந்த 16 வயதுப் பிள்ளையும் பெற்றோர் முன்னிலையில் எளிதில் கேட்காது. அதை மருந்து தொடங்கும் முன்பே நாமாகப் பேச வேண்டும் என்பது வேறு விஷயம்.

மறுமொழி – 17 வயதில் சிகிச்சை பெற்றவன்

மருத்துவர் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு சிறு மாறுபாடு உண்டு. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்து "மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோதெல்லாம் நான் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொன்னேன். நான் உண்மையாகப் பேசியது, கையில் ஊசி ஏற்றிய இடத்தில் கட்டு மாற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேச்சுக்கொடுத்த ஒரு மருத்துவரிடம்.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட நாள்களில் காரணமின்றி அம்மாவிடம் கத்துவேன், பிறகு குளியலறையில் போய் அழுவேன். நோய் என்னைக் கெட்டவனாக மாற்றிவிட்டது என்றே நம்பியிருந்தேன். "இந்த மாத்திரை கோபத்தையும் அழுகையையும் தூண்டும். அந்த நாள்களில் வீட்டில் எப்படி இருக்கிறாய்?" என்று அவர் கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் பாரம் பாதி இறங்கியது. உடம்பைப் பற்றிய கேள்வியிலிருந்து மனத்துக்குப் போனதால் எனக்கும் பதில் சொல்ல முடிந்தது.

இன்னொன்று: "நீ தைரியசாலி" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னவரிடம் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

மறுமொழி – புற்றுநோய் மனநல ஆலோசகர்

பெற்றோரின் வேண்டுகோளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தெரியாது என்பது பெரியவர்களின் நம்பிக்கை. ரத்தப் புற்றுநோய் வார்டில் இருந்த சிறு குழந்தைகள்கூட, யாரும் சொல்லாமலேயே தங்கள் நிலையை அறிந்திருந்ததையும், பெற்றோருக்காக அறியாததுபோல் நடித்ததையும் மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1970களிலேயே பதிவு செய்திருக்கிறார். சுவீடனில் புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. பிள்ளையுடன் மரணத்தைப் பற்றிப் பேசியிருந்த 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாதவர்களில் 27 விழுக்காட்டினர் பேசியிருக்கலாமே என்று வருந்தினர். பேச விரும்பியவர்களே பேசியிருப்பார்கள் என்பதால் இதை எல்லோருக்கும் கட்டளையாக்க முடியாது. ஆனால் பெற்றோரின் அச்சத்துக்கு மறுமொழியாக நான் பலமுறை எடுத்துச் சொல்லும் செய்தி இது. "சொல்லாதீர்கள்" என்பவரிடம் வாதாடாமல், "சொன்னால் என்ன நடக்கும் என்று அஞ்சுகிறீர்கள்?" என்று கேளுங்கள், பேச்சு அங்கிருந்து நகரும்.

தனியே பேசியதை ரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்களிக்கும்போதே, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதைப் பிறரிடம் சொல்லியாக வேண்டும் என்பதையும் கூறிவிடுங்கள். அந்த எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அது புதிதாக முளைத்துவிடாது. வாய்திறக்காத பிள்ளைகளுக்கு 0 முதல் 10 வரை குறியிட்ட மன உளைச்சல் அளவுகோல் உதவும். 4 அல்லது அதற்கு மேல் காட்டினால் எங்களிடம் அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று ரத்தம் எடுக்கும் சாக்கில் நானே போனேன். குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது தேர்வைப் பற்றிக் கேட்டேன். அனுமதிச் சீட்டில் இருப்பது நீண்ட பின்னலுடன் எடுத்த படமாம்; தேர்வறையில் எல்லோர் முன்னாலும் "இது நீதானா?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவளது பயம். பள்ளிக்கு ஒரு கடிதம் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து, "அடுத்த ஆண்டுத் தேர்வுக்கும் நான் இருப்பேனா?" என்று கேட்டாள். உடனே சொல்ல என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியவில்லை என்பதையும், அதைப் பற்றி அவளுடன் உட்கார்ந்து பேச விரும்புவதையும் சொன்னேன். வியாழக்கிழமை பேசும்போது தாயாரும் இருக்கட்டும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.