நான் ‘கண்டுபிடித்த’ நேர்ச்சிறகு ஈக்கள்

பழ ஈயோ புழுவோ ஈஸ்ட்டோ, எதை வைத்து மரபியல் பழகினீர்களோ அதில் உங்கள் கைடோடு நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் மானம் போன கதை, பரவாயில்லை.

லேபில் சேர்ந்த முதல் மூன்று மாதம் எனக்கு ஒரே வேலைதான், கன்னி ஈ பொறுக்குவது. கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஈ 25 டிகிரியில் சுமார் எட்டு மணி நேரம் இணை சேராது. அதற்குள் பிரித்து எடுத்தால் கலப்பு நம் கையில், தாமதித்தால் அது எந்த ஆணோடு சேர்ந்ததோ யார் கண்டது. அதனால் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்க் குப்பிகளைக் காலி செய்ய வேண்டும், சாயங்காலம் மறுபடி. கார்பன் டை ஆக்சைடு கசியும் திண்டில் மயங்கிக் கிடக்கிற ஈக்களைப் பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பேன். உடம்பு வெளிறி, வயிற்றுத் தோலின் ஊடே ஒரு கரும்பச்சைப் பொட்டு தெரிந்தால் அது புதுசு. கனவில்கூட அந்தப் பொட்டு வந்திருக்கிறது.

எங்களிடம் ஒரு ஸ்டாக், அதாவது தலைமுறை தலைமுறையாகக் குப்பியில் வளர்த்துவரும் ஓர் ஈ வகை, இருந்தது. இரண்டாம் குரோமோசோமின் ஒரு பிரதியில் உயிரைக் கொல்லும் ஒரு மியூட்டேஷன், மறு பிரதி ‘சை-ஓ’ என்று நாங்கள் சொல்லும் பாலன்சர், அந்த மியூட்டேஷன் ஸ்டாக்கிலிருந்து தொலைந்துபோகாமல் காக்கும் குரோமோசோம். பாலன்சர் இருக்கும் ஈக்குச் சிறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். மியூட்டேஷன் இரண்டு பிரதி வந்தாலும் சாவு, பாலன்சர் இரண்டு பிரதி வந்தாலும் சாவு, ஆக அந்தக் குப்பியில் உயிரோடு இருப்பதெல்லாம் சுருள்சிறகாகத்தான் இருக்கணும். ஒருநாள் காலையில் பார்த்தால் பதினைந்து ஈக்களுக்குச் சிறகு நேராக இருக்கிறது!

சாக வேண்டியது சாகவில்லை, அப்படியென்றால் இன்னொரு மரபணு ஏதோ மாறி இதைக் காப்பாற்றியிருக்கிறது என்று அரை மணி நேரத்தில் கட்டுரைத் தலைப்பு வரை போய்விட்டேன். ஈ மரபியலின் முன்னோடி ஸ்டர்ட்டிவண்ட் 1911ல் இளநிலை மாணவராக இருந்தபோதே, தன் கைடு மார்கனிடம் ஈக் கணக்குகளை வாங்கிப்போய், வீட்டுப்பாடத்தைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு ஒரே ராத்திரியில் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டவர். அந்தக் கதையை லேபில் சேர்ந்த அன்றே கேட்டிருந்தேனா, தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

என் கைடு மேடத்திடம் போய்ச் சொன்னேன். மேடம் எதுவும் சொல்லாமல் இரட்டைத்தலை மைக்ரோஸ்கோப்பில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். அந்த மைக்ரோஸ்கோப்பில் அவருக்கு ஒரு பிடிப்பு உண்டு. நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு, வீஷவுஸ் என்ற இரண்டு ஈ ஆய்வாளர்கள் ஹைடல்பெர்க்கில் இப்படித்தான் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே லார்வாவை ஒரே நேரத்தில் பார்த்து, உடல் கண்டங்களைத் தீர்மானிக்கும் 15 மரபணுக்களை 1980ல் வெளியிட்டார்கள், 1995ல் நோபலும் வாங்கினார்கள். அப்புறம் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்தக் குப்பி எங்கே இருந்தது?”

18 டிகிரி அலமாரியில். ஸ்டாக் மெதுவாக வளரட்டும் என்று அங்கேதான் வைப்போம்.

“ஆண்களை மட்டும் எடு, பெண்கள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக சாதாரண கன்னி ஈக்களோடு விட்டு 25ல் வை. குட்டி வந்ததும் எண்ணிட்டு வா.” அவ்வளவுதான்.

ஏழு ஆண், ஏழு குப்பி. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எண்ணினேன், ஏழிலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி சுருள்சிறகு. அதாவது என் நேர்ச்சிறகு ஆண்கள் எல்லோரும் பாலன்சரை வைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்! குளிரில் வளர்ந்தால் அந்தச் சுருள் சரியாக வெளிப்படாது, சில ஈக்கள் சாதாரண ஈ மாதிரியே இருக்கும். ஈ ஆட்களுக்குப் பழைய செய்தி. மேடத்துக்கும் முதல் நிமிஷமே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். “எனக்கும் என் கைடு சொல்லலையே” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

* * *

நான் புழு ஆள், சி. எலிகன்ஸ். என் கதையில் கைடு நல்லவராக வரமாட்டார்.

ஆர்.என்.ஏ. குறுக்கீடு செய்துகொண்டிருந்தேன். ஒரு மரபணுவுக்கான இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்கும் பாக்டீரியாவைத் தட்டில் விட்டால், அதைத் தின்கிற புழுவில் அந்த மரபணு அடங்கிவிடும். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க கன்ட்ரோல் தட்டு, அதில் வெற்றுப் பிளாஸ்மிட் (மரபணுத் துண்டை ஏற்றும் டி.என்.ஏ. வளையம்) உள்ள பாக்டீரியா. என் மரபணு அடங்கினால் முட்டை பொரியாது, கன்ட்ரோலில் பொரியணும். எனக்கோ கன்ட்ரோலிலும் முட்டை பொரியவில்லை. கைடு எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தத் தட்டை விட்டுடு, போன தடவை கன்ட்ரோல் எண்ணிக்கையைப் போட்டுக்கோ” என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காப்பாற்றியது ஒரு சீனியர் அக்கா. இரண்டு டியூபிலிருந்தும் பிளாஸ்மிடை எடுத்து சீக்வென்ஸுக்கு அனுப்பச் சொன்னார். ‘வெற்று’ என்று எழுதியிருந்த டியூபுக்குள் அந்த மரபணுத் துண்டு! எப்போதோ யாரோ ஒரே குச்சியை இரண்டிலும் விட்டிருக்கிறோம், நானாகவும் இருக்கலாம்.

இதே புழுவில் கன்ட்ரோல் சொன்னபடி கேட்காமல் போனதை யாரும் மறைக்காததால்தான் இந்த முறையே கிடைத்தது என்று அக்கா அன்று சொன்னார். 1995ல் குவோ, கெம்ஃப்யூஸ் என்ற ஆய்வாளர்கள் ஒரு மரபணுவை அடக்க எதிரிழை ஆர்.என்.ஏ.வை (அந்த மரபணுவின் ஆர்.என்.ஏ.வோடு இணைசேரும் இழை) செலுத்தியபோது, எதுவும் செய்யக்கூடாத கன்ட்ரோல் இழையும் அதே விளைவைத் தந்தது. புரியவில்லை, ஆனாலும் அப்படியே எழுதினார்கள். வேலையைச் செய்வது இரட்டை இழைதான் என்று 1998ல் ஃபயரும் மெல்லோவும் காட்டினார்கள், 2006ல் அதற்கு நோபல். எனக்கு அக்காதான் கைடு, கையெழுத்து மட்டும் வேறொருவருடையது.

* * *

முதல் கதையில் அந்த மேடம் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை, மன்னிக்கணும். தெரிந்ததைச் சொல்லிவிட்டு, “நீயே சரிபார்” என்றாலும் அதே ஏழு குப்பிதானே? பன்னிரண்டு நாள் ஒரு புது மாணவருக்குச் சின்ன விஷயமில்லை.

* * *

அடப்பாவிகளா, 18 டிகிரி விஷயத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நேர்ச்சிறகு வந்துவிட்டது, வெளி ஈ கலந்துவிட்டது என்று போன வாரம்தான் ஒரு ஸ்டாக் முழுவதையும் ஆல்கஹாலில் கொட்டினேன். புழு மாதிரி சுலபமாக உறையவைத்து எடுக்கவும் வழியில்லை. யாரிடமாவது பிரதி இருக்கிறதா என்று நாளைக்குக் காலையில் கைடிடம் போய்க் கேட்கணும், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.